வெள்ளிக்கிழமைக் காற்று

என் நோயின் பெயரைத் திக்காமல் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. பிஸ்ஸினோசிஸ். பஞ்சுத் தூசி நுரையீரலுக்குள் போய்ச் செய்கிற காரியத்துக்கு வைத்தியப் புத்தகம் வைத்திருக்கும் பெயர். சொல்லப் பழகிக்கொண்டேன். அதை ஓர் அரசாங்கக் காகிதத்தில் எழுத வைக்கத்தான் என்னால் முடியவில்லை. இப்போது மூச்சு கொஞ்சம் சொன்னபடி கேட்கிறது. காலையில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதுகிறேன், இளைப்பு வந்தால் நிறுத்திவிடுகிறேன். மில்லில் வேலை பார்க்கிற யாராவது இதைப் படித்து, நான் செய்த மடத்தனத்தைச் செய்யாமல் இருந்தால் போதும்.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். வேலை இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில். பெயரை எழுதவில்லை. எழுதினால் வழக்குப் போடுவார்கள், கோர்ட்டுப் படி ஏற என்னிடம் மூச்சு இல்லை. முதல் பன்னிரண்டு வருடம் கார்டிங்கில் இருந்தேன். பஞ்சைச் சீவிச் சிக்கெடுத்து, வடம் போல் இழுத்துவிடும் பகுதி அது. மில்லின் தூசியில் பெரும்பங்கு அங்கேதான் கிளம்பும். சில நாள் எதிரே நிற்கிறவன் முகம் தெரியாது. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை பார்ப்போம். ஷிஃப்ட் முடிந்து ஒரு துண்டுக் கருப்பட்டியைக் கடித்துத் தண்ணீர் குடித்தால் தூசி எல்லாம் வயிற்றுக்குப் போய்விடும் என்று நம்பினோம். பத்தாம் வகுப்புத் தேறியவன் என்பதால் பிறகு என்னை லேபுக்கு மாற்றினார்கள். நூலின் பலத்தையும் கனத்தையும் சோதிக்கிற இடம். ஆனாலும் பாதி நாள் கார்டிங்கில்தான் கழியும். சோதனைக்கு வடம் அறுத்துவர நான்தான் போக வேண்டும்.

எங்கள் மில்லுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. மின்சாரத் தட்டுப்பாட்டுக் காலத்தில் மில்லுக்கு ஒரு கிழமை என்று பங்கு போட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. சனிக்கிழமை வேலைக்குப் போனால் மத்தியானத்துக்கு மேல் நெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவது போல இருக்கும். ஞாயிறு கொஞ்சம் தளரும். திங்கட்கிழமை மறந்தே போகும்.

"லீவு முடிஞ்சு போக உடம்பு வளையல. அதான் நெஞ்சு அடைக்குது உங்களுக்கு" என்று என் மனைவி ரெங்கநாயகி கேலி செய்வாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சில வருடங்களில் அந்தக் கயிறு எல்லாக் கிழமையும் அவிழாமல் கிடந்தது. ஒருநாள் டவுன் பஸ்ஸில் ஏற ஒரு காலைத் தூக்கி வைத்தவன் மறுகாலைத் தூக்க முடியாமல் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். "ஏலே, ஏறுதியா எறங்குதியா?" என்றார் கண்டக்டர். பதில் சொல்ல மூச்சு இல்லை. அதே பஸ்ஸில் என்னைத் தூக்கிப் போட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் இறக்கிவிட்டார்கள். திட்டினவரேதான் ஒரு பக்கம் தோள் கொடுத்தார்.

முதலில் காசநோய் என்று சந்தேகப்பட்டார்கள். மூன்று நாள் விடிந்ததும் டப்பாவில் சளி துப்பிக் கொடுக்க வேண்டும். அந்த மூன்று நாளும் பக்கத்துக் கட்டில்காரர்கள் தங்கள் டம்ளரை என் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தார்கள். சளியில் கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமே இல்லை. பின்னால் தெரிந்துகொண்டேன், இந்த நோய் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாதாம். நுரையீரலுக்குள் போகும் சின்னக் குழாய்கள் சுருங்கிப் போவதைப் படம் காட்டாது. காற்றை ஊதச் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும்.

அங்கிருந்த டாக்டர் நல்லவர்தான். மில் வேலை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்து, "திங்கட்கிழமையானா நெஞ்சு ரொம்ப அடைக்குமா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். திங்கட்கிழமை நல்லாத்தான் இருக்கும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்லுதேன். திங்கட்கிழமை ஒண்ணுமே செய்யாது."

அவர் பேனாவை எடுத்து ஆஸ்துமா என்று எழுதினார். உண்மையைத்தான் சொன்னேன். அந்த உண்மையால் எனக்கு ஒரு வருடம் போயிற்று. ஊசியும் மாத்திரையுமாகத் தேறி, மறுபடி அதே கார்டிங்கில் வடம் அறுக்கப் போனேன்.

இரண்டாம் தடவை படுத்தபோது நிலைமை மோசம். மல்லாந்தால் மூச்சு நின்றுவிடும், உட்கார்ந்தேதான் தூங்க வேண்டும். என் கட்டிலில் தலைமாட்டுக் கம்பி உடைந்திருந்தது. ரெங்கநாயகி கட்டிலில் ஏறி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அவள் முதுகில் என் முதுகைச் சாய்த்துத் தூங்கினேன். நர்ஸ் அம்மா வந்து சத்தம் போட்டார்.

"இது ஆம்பிள வார்டும்மா. கட்டில்ல ஏறக் கூடாது."

"கம்பியச் சரி பண்ணுங்க, நான் எறங்கிக்கிடுதேன்" என்றாள் ரெங்கநாயகி. கம்பியை யாரும் சரி பண்ணவில்லை, அவளும் இறங்கவில்லை. பகலில் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகள் இரண்டையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, சமைத்து, சோற்றைக் குழையவிட்டு எடுத்து வருவாள். மெல்லுவதற்கும் மூச்சு வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

அந்த வார்டில் எனக்கு எரிச்சல் மூட்டிய விஷயம் ஒன்று உண்டு. நர்ஸ்கள் முகத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணி எங்கள் ஊர்ச் சரக்கு. புண்ணுக்குக் கட்டும் துணியும் அதுதான். இராஜபாளையத்தில் நெய்து, வெளுத்து, ஊர் ஊராக அனுப்புகிறார்கள். அதற்கு நூல் நூற்ற நாங்கள் வியர்வைத் துண்டைக் கட்டிக்கொண்டு நூற்றோம்.

மதுரையிலிருந்து வாரம் இருமுறை வரும் நெஞ்சு நோய் டாக்டரம்மா ஒருவர் என் சீட்டைப் புரட்டிவிட்டு, பழைய டாக்டர் கேட்டதையே கேட்டார். நானும் சொன்னதையே சொன்னேன். அவர் நகரவில்லை.

"உங்க மில்லுக்கு என்னைக்கு லீவு?"

"வெள்ளிக்கிழமைம்மா."

"அப்ப சனிக்கிழமை எப்படி இருக்கும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை வருடத்தில் சனிக்கிழமையைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். தினமும் தூசி தின்கிற நுரையீரல் அதற்கு ஓரளவு மரத்துப்போகும். ஒருநாள் ஓய்வு கிடைத்தால் அந்த மரமரப்புப் போய்விடும். மறுநாள் தூசி பட்டதும் குழாய்கள் சுருங்கி அடைத்துக்கொள்ளும். புத்தகம் எழுதியவர்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை லீவு, அதனால் திங்கட்கிழமை என்று எழுதிவிட்டார்கள்.

கொஞ்சம் தேறியதும் என் கையில் ஒரு குழாயைக் கொடுத்தார். முழு மூச்சையும் இழுத்து ஒரே ஊதாக ஊதினால் அதில் ஒரு முள் ஏறி நிற்கும். நுரையீரல் எவ்வளவு வேகமாகக் காற்றைத் தள்ளுகிறது என்பதற்கு அதுதான் கணக்கு. வீட்டுக்குப் போய் மறுபடி வேலையில் சேர்ந்ததும், சனிக்கிழமை வேலைக்குப் போகும் முன்பு ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை ஊதிக் குறித்துவரச் சொன்னார். சாயங்காலம் முள் அடிவாரத்தை விட்டு நகர மறுத்தது. குறித்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

"இது தொழிலால வந்த நோய்தான். நான் எழுதித் தாரேன்" என்றார். "ஆனா மதுரைல மெடிக்கல் போர்டு இருக்கு, அவங்க ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா மில் உங்களுக்குத் தூசி இல்லாத வேலை கொடுக்கணும், இல்லேன்னா ஆயுசுக்கும் உதவித் தொகை வரும். வெறும் ஆஸ்துமான்னு ஆயிட்டா உடம்பு லாயக்கில்லைன்னு வீட்டுக்கு அனுப்பிடலாம்."

"போர்டுல என்னம்மா கேப்பாங்க?"

"நீங்க வேலை பார்க்கிற இடத்துக் காத்துல எம்புட்டுத் தூசின்னு கேப்பாங்க. சட்டப்படி அளந்து எழுதி வச்சிருக்கணுமே, அந்தப் பதிவேடு வேணும். உங்க மில்லுல அதை யாரு எழுதுறா?"

"நான்தாம்மா" என்றேன்.

இனி நான் செய்த மடத்தனத்துக்கு வருகிறேன். வடக்கே ஓர் ஊரில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கில் செத்த பிறகு தொழிற்சாலைச் சட்டங்களை இறுக்கினார்கள். வேலை செய்கிற இடத்தில் இன்ன தூசி இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது, அளந்து பதிவு செய்ய வேண்டும் என்று வந்தது. மில்லில் ஒரு கருவி வாங்கி என்னிடம் கொடுத்தார்கள். காற்றை உறிஞ்சும் ஒரு சின்ன மோட்டார், அதன் வாயில் வட்டமான ஒரு வடிதாள். தாளை முதலில் எடை போட வேண்டும், காற்றை உறிஞ்சவிட்டு மறுபடி எடை போட வேண்டும். கூடியிருப்பது தூசி. முதல் வாரம் ஓடுகிற கார்டிங் மெஷின்களுக்கு நடுவே வைத்தேன். செத்த நேரத்தில் தாள் கம்பளிபோல் தடித்து, மோட்டார் இரைந்து நின்றுவிட்டது.

மேனேஜர் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்தார். "இது அளவு இல்லப்பா, அடைப்பு. லீவு நாள்ல வச்சு எடு" என்றார்.

அவர் தந்திரமாகச் சொன்னார் என்று பழியைத் தூக்கிப் போட எனக்கும் ஆசைதான். ஆனால் எனக்கு அது சரியாகப்பட்டது என்பதே உண்மை. லேபில் நூலை மெஷினிலிருந்து எடுத்ததும் சோதிக்க மாட்டோம். தனி அறையில் வைத்து ஆறவிட்டு, அது ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் இழுத்துப் பார்ப்போம். அவசரப்பட்டுச் சோதித்தால் கணக்குத் தப்பும் என்று எத்தனை பேருக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்! காற்றையும் அப்படித்தான் ஆறவிட்டு அளக்க வேண்டும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் ஓடாத மெஷின்களுக்கு நடுவே, தூசி எல்லாம் தரையில் படிந்த பிறகு, கருவியை வைத்து அளந்தேன். முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன். சட்டம் வந்து காற்றுச் சுத்தமாகிவிட்டதற்கு அந்தப் பதிவேட்டைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர் பாராட்டிவிட்டே போனார். மறுநாள் சனிக்கிழமை, நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க என் புத்திக்கு எட்டவில்லை.

போர்டுக்கு ரெங்கநாயகியும் நானும் ரயிலில் போனோம். மாடியில் இருந்தது அந்த அறை. நெஞ்சு நோய்க்காரனை மாடிப்படி ஏற்றித்தான் விசாரிக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து எழுந்தேன். உள்ளே மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர் தலைவர். மில் அனுப்பிய பதிவேடு அவர் முன்னால் விரிந்து கிடந்தது.

"இது உங்க கையெழுத்துதானா?"

"ஆமா சார்."

"காத்து இவ்வளவு சுத்தமா இருக்கிற இடத்துல உங்களுக்கு மட்டும் எப்படி இந்த நோய் வந்துச்சு?"

நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சேர்த்தேன். "தேதியைப் பாருங்க சார். எல்லாம் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எங்க மில்லு ஓடாது."

காலண்டர் கொண்டுவரச் சொன்னார். பக்கம் பக்கமாக ஒத்துப் பார்த்தார்கள். ஒரு தேதிகூடத் தப்பவில்லை. என் ஒழுங்கு அப்படி.

"ஓடாத மில்லுல ஏன் அளந்தீங்க?"

நூலை ஆறவைக்கிற கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பதிவேட்டை மூடினார். "அப்போ இது செல்லாது. இதை வச்சு அங்க தூசி இல்லைன்னும் சொல்ல முடியாது, இருக்குன்னும் சொல்ல முடியாது. வேலை நாள்ல, அதிகாரி முன்னால புதுசா அளக்கச் சொல்லி எழுதுறோம். அந்த அளவு வந்த பிறகு முடிவு."

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். கீழே வந்ததும் ரெங்கநாயகி எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, "இம்புட்டு நாளா தப்பா எழுதுனதுக்கு இன்னைக்கு ஒரு நாளாவது நேராப் பேசுனீங்களே" என்றாள். அவள் அப்படித்தான் பாராட்டுவாள்.

ஊர் திரும்பியதும் மறுபடி ஆஸ்பத்திரிக்கே போக வேண்டியதாயிற்று. இந்தத் தடவை ஆக்சிஜன் சிலிண்டர். மூக்கில் குழாயைச் செருகிக்கொண்டு உத்தரவுக்காகக் காத்திருந்தேன். கார்டிங்கில் என்னோடு வேலை பார்த்த முத்தையா வந்தான். என்னைவிடச் சின்னவன். அவனுக்கும் சனிக்கிழமை அடைப்பு உண்டு.

"அண்ணே, மில்லுல ஒரே அமளி! உத்தரவு வந்துருச்சு. பெரிய பெரிய தகரக் குழாயா லாரில வந்து எறங்குது. ஒவ்வொரு மெஷினுக்கும் தூசிய உறிஞ்சுற மாதிரி மாட்டுதாங்க. கோயம்புத்தூர் ஆளுங்க வந்து ராப்பகலா வேல பாக்காக."

எனக்குப் பெருமையாக இருந்தது. நான் சொன்ன ஒரு வார்த்தையால் மில்லே ஆட்டம் கண்டுவிட்டது என்று ரெங்கநாயகியிடம் பீற்றிக்கொண்டேன். மறுநாள் டாக்டரம்மா வந்தபோது அவரிடமும் சொன்னேன். அவர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார்.

"எப்ப அளக்கப் போறாங்க?"

"சட்டப்படி மில்லுக்கு அவகாசம் கொடுத்திருக்காங்களாம். குறையைச் சரி பண்ணினதும் அளப்பாங்களாம்."

"சரி பண்ணின பிறகா அளப்பாங்க?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அளக்கப்போவது நான் சுவாசித்த காற்றை அல்ல.

நான் தேறி வீடு திரும்பிய பிறகு, அளக்கிற நாளன்று எனக்கு ஆள் அனுப்பினார்கள். அந்தக் கருவியைக் கையாளத் தெரிந்தவன் மில்லில் நான் ஒருவன்தான். போக மாட்டேன் என்றேன். "போங்க. கொஞ்சமாச்சும் தூசி இருக்கத்தான செய்யும்" என்று ரெங்கநாயகி அனுப்பி வைத்தாள்.

கார்டிங்கில் நுழைந்ததும் ஒரு கணம் இடம் மாறி வந்துவிட்டேனோ என்று நின்றேன். மெஷின்கள் அத்தனையும் ஓடுகின்றன. கூரையோரம் தகரக் குழாய்கள் உறுமுகின்றன. அந்தக் கோடிச் சுவர்க் கடிகாரம் தெரிகிறது. பதினைந்து வருடத்துக்கு மேல் அந்த வாசலில் நுழைந்திருக்கிறேன், மெஷின் ஓடுகிற நாளில் அந்தக் கடிகாரம் என் கண்ணில் பட்டதே இல்லை. முத்தையா ஓடி வந்தான். வாயில் துண்டு இல்லை.

"நீங்க செஞ்ச புண்ணியம்ணே. நெஞ்சு எம்புட்டு லேசா இருக்கு தெரியுமா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

நான் கையை உருவிக்கொண்டேன். அந்த நேரத்தில் அவனை எனக்குப் பிடிக்கவில்லை. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். பழைய தூசி வேண்டும் என்று இருந்தது. இன்று ஒருநாள் மட்டும் இந்தக் குழாய்கள் அடைத்துக்கொள்ளக் கூடாதா, இவன் இன்று ஒருநாள் இருமக் கூடாதா என்று இருந்தது.

அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கருவியை மெஷின்களுக்கு நடுவே வைத்தேன். நேரம் முடிந்து வடிதாளைக் கழற்றினேன். லேசாகப் பழுப்புத் தட்டியிருந்தது, அவ்வளவுதான். லேபுக்கு எடுத்துப் போக வேண்டும். அதிகாரியும் மேனேஜரும் முன்னால் பேசிக்கொண்டு நடந்தார்கள். என் பக்கம் யாரும் திரும்பவில்லை. ஒரு சிட்டிகைத் தூசி போதும். தாளில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் என் நோய்க்குப் பெயர் கிடைத்துவிடும். கடைசி மெஷினுக்கு அடியில் கையை விட்டுத் தடவினேன். முன்பெல்லாம் அங்கே பஞ்சை அள்ளிக் கூடையில் போடுவோம். விரலை வெளியே எடுத்துப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு மட்டும்தான் இருந்தது.

தாளை எடை போட்டேன். சட்டம் சொன்ன அளவுக்கு உள்ளே இருந்தது. அந்தப் பதிவேட்டில் வேலை நாளில் அளந்து நான் எழுதிய ஒரே உண்மையான கணக்கு அதுதான். கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து போர்டின் முடிவு வந்தது. ஆஸ்துமா. தொழிலோடு தொடர்பு இருப்பதாக நிரூபிக்கப்படவில்லை. டாக்டரம்மா எழுதிய மறுப்புக்குப் பதில் வரவே இல்லை. உடல் தகுதி இல்லை என்று மில்லிலிருந்து கணக்குத் தீர்க்கக் கூப்பிட்டார்கள். கடைசி ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்குப் போனேன். மேனேஜர் எழுந்து நின்று நாற்காலி போடச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"நீரு மட்டும் போர்டுல வாயத் தொறக்கலேன்னா இந்தக் குழாயெல்லாம் வந்தே இருக்காதுய்யா. மனசார சொல்லுதேன். இனிமே நம்ம கார்டிங்ல ஒருத்தனுக்கும் இந்தச் சீக்கு வராது."

"அப்ப எனக்கு வந்தது என்ன சீக்கு சார்?"

அவர் மேசையிலிருந்த காகிதத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "ஆஸ்துமான்னுதான போட்டிருக்கு" என்று சொல்லி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.